பன்னிரண்டாவது படி

மார்ச் 3, திங்கள்

ஆய்வகப் பொறுப்பாளர் அவர்களுக்கு,

இதை எழுதுபவன் தலைமை ஆய்வகத்தின் கணினிப் பிரிவுப் பொறுப்பாளன். தங்கள் கணவனும் அவனே. தங்கள் ஆய்வகத்தில் தனித்து இயங்கும் சேவையகத்தை இங்கிருந்தபடியே நிர்வகிக்க வழி செய்வது இக்கடிதத்தின் நோக்கம். வேறு நோக்கம் எதுவும் இதற்கு இல்லை.

தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். ஆனால் கடந்த ஒன்றரை ஆண்டில் நாம் தொலைபேசியில் தொடங்கிய எந்தப் பேச்சும் நல்லபடியாக முடிந்ததில்லை. தவிரவும், கடவுச்சொல் சம்பந்தப்பட்டவற்றை வாயால் சொல்லக் கூடாது என்று ஒரு விதி உண்டு. அதை எழுதியவனே நான்தான். ஆகவே, மாதிரிப் பெட்டிகளை எடுக்க வரும் வண்டியில் இதை அனுப்புகிறேன். வண்டி வழக்கம்போல் திங்களும் வியாழனும் காலையில் வந்து மாலையில் திரும்பும். பதிலை ஓட்டுநரிடமே தரலாம்.

மேலிடத்து ஆணை பின்வருமாறு. இம்மாத இறுதிக்குள் எல்லாக் கிளைகளின் சேவையகங்களும் தலைமையிடத்திலிருந்து நிர்வகிக்கப்பட வேண்டும். மற்றக் கிளைகளின் இயந்திரங்கள் நம் பொதுக் கட்டமைப்பில் ஏற்கெனவே சேர்ந்தவை. அவற்றுக்குத் தலைமையிடமே உத்தரவாதம். தங்களுடையது மட்டும் எதிலும் சேராமல் தனியாக நிற்கிறது. மாத இறுதிக்குள் அது வழிக்கு வராவிட்டால் இயந்திரத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்வார்கள். பிறகு பரிசோதனைகள் இங்கே நடந்து, முடிவுகள் வண்டியில் அங்கே வரும். காய்ச்சலோடு வருபவர் தம் ரத்தத்தில் என்ன இருக்கிறது என்று அறிய அடுத்த வண்டிவரை காத்திருக்க வேண்டும். தங்கள் ஆய்வகம் ஊசி குத்தும் இடமாக மட்டும் எஞ்சும். அதைத் தாங்கள் விரும்பமாட்டீர்கள் என்று அறிவேன். நானும் விரும்பவில்லை.

செய்ய வேண்டியதை உடனிருக்கும் தாளில் பதினொரு படிகளாக எழுதியுள்ளேன். கடவுச்சொல் முத்திரையிட்ட உறையில் இருக்கிறது. வேலை முடிந்ததும் அதை மாற்றிவிடுவேன். முதல் முறை மட்டும் ஒருவர் அந்த இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து அனுமதி கொடுத்தாக வேண்டும். அது உள்ளே தாழிட்ட கதவு. வெளியே நிற்பவன் எவ்வளவு கெட்டிக்காரனானாலும் பயனில்லை.

இதன் பின் மாதந்தோறும் நான் நேரில் வந்து சரிசெய்த பழுதுகளுக்கு நேரில் வர வேண்டியிராது. அப்பயணத்துக்கான அனுமதியும் இம்மாதத்தோடு நிற்கிறது.

இங்ஙனம்,
கணினிப் பிரிவுப் பொறுப்பாளன்

பின்குறிப்பு, அலுவல் சாராதது: வாஷிங் மெஷின் துணியை அலசும் கட்டத்தில் நின்றுவிடுகிறது. நீ இருந்தவரை அது நின்றதாக நினைவில்லை. தெரிந்தால் சொல்.


மார்ச் 6, வியாழன்

‘தங்கள் கணவனும் அவனே’ அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை ரத்தம் எடுக்கும் அக்காதான் முதலில் பார்த்தார். அடுத்த வருடம் ஓய்வு பெறப் போகிறவர், வாய்க்கு மட்டும் ஓய்வு கிடையாது. உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “என்னம்மா, சார் கோர்ட் நோட்டீஸ் அனுப்பியிருக்காரா?” என்றார். “இல்லக்கா, காதல் கடிதம்” என்றேன். பிரித்து ‘தாங்கள்’, ‘இங்ஙனம்’ எல்லாம் படித்துக் காட்டினேன். “நோட்டீஸே தேவலாம்மா” என்று சொல்லிவிட்டு ஊசி குத்தப் போய்விட்டார்.

சரி, வேலைக்கு வருகிறேன். மதியம் கூட்டம் குறைந்ததும் அந்தக் கால் ஆடும் முக்காலியைப் போட்டுக்கொண்டு ஒண்டிக்கட்டையின் முன்னால் உட்கார்ந்தேன். (நீங்கள் சேவையகம் என்று சொல்லிக்கொள்ளுங்கள். எங்களுக்கு அது ஒண்டிக்கட்டைதான். யாரோடும் சேராமல், ஒரு மூலையில், எந்நேரமும் உறுமிக்கொண்டு. உங்களை நினைத்து வைத்த பெயர் இல்லை. ஆனால் மாற்ற வேண்டும் என்றும் தோன்றவில்லை.) மூன்று படி ஒழுங்காகப் போனது. நான்காவது படியில் கட்டளையை அடித்ததும் திரை முழுக்கச் சிவப்பு எழுத்து. எனக்குப் புரிந்தவரை, வலைப்பின்னல் ‘பொது’ வகையில் இருக்கிறதாம், அதனால் முடியாதாம். எது பொது? பழைய பெட்டிகளும் கிழிந்த திரைச்சீலையும் கிடக்கும் இந்த அறையா? நான், அக்கா, ஒரு பல்லி. வேறு யாரும் இங்கே வருவதில்லை. மாதம் ஒரு தடவை நீங்கள்.

‘நேரில் வர வேண்டியிராது’ என்ற வரியை இரண்டு தடவை படித்தேன். நல்ல வரி. குறை சொல்ல ஒன்றுமில்லை.

வாஷிங் மெஷின் நான் இருந்தவரை நின்றதில்லை என்று உங்களுக்கு யார் சொன்னது? தினமும்தான் நின்றது. ஒரு இடி இடிப்பேன், ஓடும். நீங்கள் பேப்பரைவிட்டுத் தலையைத் தூக்கியிருந்தால் பார்த்திருப்பீர்கள்.

ஒண்டிக்கட்டையின் காவல்காரி


மார்ச் 10, திங்கள்

உனக்கு,

‘தாங்கள்’ கைவிடப்பட்டது. ரத்தம் எடுக்கும் அம்மாவிடம் தெரிவிக்கவும்.

சிவப்பு எழுத்துக்கு அஞ்ச வேண்டாம். அதில் உன் தவறு எதுவும் இல்லை. அந்த இயந்திரம் தன்னை யாரோ பேருந்து நிலையத்தில் நிறுத்திவிட்டுப் போய்விட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறது. முன்பின் தெரியாத கூட்டத்தில் நிற்பவன் பையை நெஞ்சோடு அணைத்துக்கொள்வான் அல்லவா, அதுபோல எல்லா வாசல்களையும் சாத்திக்கொண்டிருக்கிறது. இதைப் பிழை என்று நான் சொல்லமாட்டேன், முன்ஜாக்கிரதை. இது பொது இடமல்ல, நம்முடைய இடம்தான் என்று நீ அதனிடம் ஒரு முறை சொல்லிவிட்டால் போதும். அதற்கான கட்டளை 4-அ எனக் குறித்து இத்துடன் வருகிறது. அதை முடித்துவிட்டு நான்காவது படியிலிருந்து மறுபடி தொடங்கு. ஒன்பதாவது படியைக் கவனமாகச் செய். வாசலை ஊர் முழுவதற்கும் திறந்துவிடக் கூடாது. என் கணினியின் முகவரிக்கு மட்டுமே திறக்க வேண்டும்.

வியாழன் மாலை உன் கடிதத்தை வாங்கிக்கொண்டபோது நத்தை என்னைக் கேட்டார் (ஓட்டுநரின் பெயரை நான் வைக்கவில்லை, அவருடைய வேகம் வைத்தது): “என்ன சார், இந்த மாசம் அங்க மெஷின் இன்னும் கெடலையா? பக்கத்துல பேச ஆளில்லாம எனக்குத் தூக்கமா வருது.”

“இனி கெடாது. கெட்டாலும் இங்க இருந்தே பாத்துக்கலாம்” என்றேன்.

“மெஷின இங்க இருந்தே பாத்துக்குவீங்க, சரி. அம்மாவ?”

வண்டியைக் கொட்டகைக்குக் கொண்டுபோக நேரமாகிவிட்டது என்று சுட்டிக்காட்டினேன். அவர் வாழ்நாளில் முதல் முறையாக நேரத்துக்கு, விருப்பமில்லாத முகத்தோடு, புறப்பட்டார்.

நீ இரண்டு தடவை படித்த வரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீ அங்கே போன அன்று வாசலில் நின்று, “வேலை இருந்தா ஒழிய அந்த ஊர்ப் பக்கம் தலைவச்சும் படுக்க மாட்டேன்” என்று சொன்னவன் நான். எதிர்வீட்டுக்காரர்களும் கேட்டார்கள். ஒரு வார்த்தைகூட என்னிடம் கேட்காமல் நீ அந்தப் பதவிக்குக் கையெழுத்திட்டிருந்தாய். அதைக் குறித்து மறுபடி எழுதப் போவதில்லை. ஆனால் சொன்ன சொல் சொன்ன சொல்தான். இத்தனை மாதமும் வேலை இருந்தது; வந்தேன். வேலை இல்லாவிட்டால் எதைச் சொல்லிக்கொண்டு வண்டியில் ஏறுவது என்று எனக்கு விளங்கவில்லை.

வாஷிங் மெஷின் குறித்து உன் குறிப்பு போதுமானதாக இல்லை. எந்தப் பக்கம்? எந்த உயரத்தில்? எதனால் இடிக்க வேண்டும்? முழங்கையால் முயன்றேன். மெஷின் அசையவில்லை. முழங்கை இரண்டு நாளாக மடங்கவில்லை.

வி.

(‘விதிமுறை சார்’ என்று அங்கே எனக்குப் பெயர் வைத்திருப்பது தெரியும். சுருக்கியிருக்கிறேன்.)


மார்ச் 13, வியாழன்

வி. அவர்களுக்கு,

முடிந்தது! பதினொன்றும் முடிந்தது, உங்கள் 4-அ உட்பட.

காலையிலேயே வந்துவிட்டோம். அக்கா தாளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல, நான் அடித்தேன். “இது புள்ளியா, கொசு எச்சமா?” என்று ஓரிடத்தில் சண்டை. நகத்தால் சுரண்டிப் பார்த்தார், போகவில்லை. “புள்ளிதான், அடி” என்றார். ஒன்பதாவது படிக்கு வந்ததும், “சார் ஒருத்தர் மட்டும் உள்ள வர மாதிரி கதவா? எங்க வீட்டுக்காரருக்கு எதிர்ப்பதமா ஒண்ணு போட முடியுமான்னு கேளு” என்றார். கேட்டுவிட்டேன்.

கடைசிப் படியில் சிவப்பு இல்லை, ஒன்றுமில்லை. அமைதியாக அடுத்த வரிக்குப் போய் நின்றது. நீங்கள் தாளில் எழுதியிருந்தீர்கள்: ‘எதுவும் சொல்லாவிட்டால் சம்மதம் என்று கொள்க.’ இருபத்திரண்டு வருடமாக உங்களை நான் அப்படித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். இந்தப் பதவி விஷயத்தில் மட்டும்தான் தப்பாகப் படித்துவிட்டேன்.

கேட்காமல் கையெழுத்துப் போட்டது தப்புதான் என்று அன்றைக்கே சொன்னேன். “கேட்டிருந்தா நான் வேணாம்னா சொல்லியிருப்பேன்?” என்று கேட்டீர்கள். சொல்லியிருப்பீர்கள். காரணங்களோடு, வரிசை எண் போட்டு. நானும் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிவிட்டு அங்கேயே இருந்திருப்பேன். இப்போது இங்கே ஒரு நாளைக்கு நாற்பது பேருக்கு அன்றன்றைக்கே முடிவு கொடுக்கிறேன். அதைப் பார்க்கும்போது வருத்தப்பட முடியவில்லை. சாயங்காலம் அறைக்குப் போய் விளக்கைப் போடும்போதுதான் முடிகிறது.

வாஷிங் மெஷினுக்கு: இடுப்பால். இடது பக்கம். கோபமாக அல்ல. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரை, “கொஞ்சம் தள்ளிக்குங்க” என்று சொல்லாமல் நகர்த்துவோமே, அந்த அளவு.

ஒண்டிக்கட்டை கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. இனி நீங்கள்தான் வர வேண்டும். இங்கே இல்லை, அங்கிருந்தபடியே. புரிகிறது.

கா.கா. (காவல்காரி. நானும் சுருக்கிவிட்டேன்.)


மார்ச் 17, திங்கள்

ஆய்வகப் பொறுப்பாளர் அவர்களுக்கு,

வெள்ளிக்கிழமை காலை முயன்றேன். இணைக்க இயலாது என்று பதில் வந்தது. சனிக்கிழமை முயன்றேன். அதே பதில். இன்று காலையும் அதுவே. மாத இறுதி நெருங்குகிறது. மேலதிகாரி என் மேசைக்கு வந்து, “அந்த ஒண்ணு மட்டும்தான் பாக்கி. முடியலைன்னா சொல்லிடுங்க, வண்டிய அனுப்பி எடுத்துட்டு வரச் சொல்றேன்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

என் தாளில் தவறில்லை. இங்கே ஒரு பழைய இயந்திரத்தில் ஒவ்வொரு கட்டளையையும் ஓட்டிச் சோதித்த பின்பே எழுதினேன். எனவே, அங்கே ஏதோ ஒரு படி செய்யப்படவில்லை, அல்லது செய்ததைப் பின்னர் யாரோ மாற்றியிருக்கிறார்கள். வேறு முடிவுக்கு வர எனக்கு வழியில்லை.

இதைக் கேட்பது எனக்கு எளிதல்ல. ஆனாலும் கேட்கிறேன், ஏனென்றால் எனக்குக் கேபிளைப் பற்றித் தெரியும்.

மாதம் ஒரு முறை உன் இயந்திரம் எங்கள் கண்ணிலிருந்து மறையும். நான் வருவேன். ஒவ்வொரு முறையும், இயந்திரத்தின் பின்னால் செருகும் கேபிள் பாதி வெளியே வந்திருக்கும். அந்தக் கேபிளின் முனையில் ஒரு சிறிய பிளாஸ்டிக் நாக்கு உண்டு. அதை விரலால் அழுத்தாமல் அது வெளியே வராது. பல்லி அழுத்தியிருக்க முடியாது. அன்றைய முடிவுகள் எல்லாம் அச்சாகி நோயாளிகள் வீட்டுக்குப் போன பிறகுதான் அது கழலும் என்பதையும் கவனித்தேன். ஒரு நோயாளிகூட அதனால் காத்திருந்ததில்லை. ஆகையால் நான் எந்தப் பதிவிலும் அதை எழுதவில்லை. ‘இணைப்புக் கோளாறு, சரிசெய்யப்பட்டது’ என்று மட்டும் எழுதினேன். அது பொய்யல்ல.

அப்போது எனக்குப் புகார் இல்லை. இப்போதும் புகார் என்று சொல்லமாட்டேன். ஆனால் இம்முறை பணயத்தில் இருப்பது உன் ஆய்வகம். என்னை வரவழைப்பதற்காக அதை இழந்துவிடாதே. அவ்வளவு பெறுமதி எனக்கில்லை.

இங்ஙனம்,
கணினிப் பிரிவுப் பொறுப்பாளன்


மார்ச் 20, வியாழன்

திங்கட்கிழமையே பதில் எழுதினேன். கிழித்துப் போட்டேன். இது அதைவிட நல்ல கடிதம். அதில் உங்கள் பரம்பரையே இருந்தது.

ஆமாம், கேபிளைப் பிடுங்கியது நான்தான். நாக்கை அழுத்தி, பாதி இழுத்து. முழுசாக இழுத்தால் அக்காவுக்குத் தெரிந்துவிடும் என்று நினைத்தேன். அவருக்கு முதல் மாதமே தெரியும். நீங்கள் வருகிற அன்றைக்குக் காலையில், “இன்னிக்குப் பழுது நாளாம்மா? அந்த நீலப் புடவை நல்லாயிருக்கு” என்பார்.

இப்போது நான் ஒன்று கேட்கட்டுமா? பாதி கழன்ற கேபிளை உள்ளே தள்ள எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு தும்மல் தும்முகிற நேரம். வந்ததும் தள்ளிவிடுவீர்கள், பச்சை விளக்கு எரியும். நான் கதவோரம் நின்று பார்த்திருக்கிறேன். அப்புறம் சாயங்கால வண்டிவரைக்கும் அந்தக் கருவிப்பையைத் திறந்து வைத்துக்கொண்டு என்ன செய்தீர்கள்? தூசி தட்டினீர்கள். என் முக்காலியின் காலை முறுக்கினீர்கள், இன்னும் ஆடுகிறது. மதியம் ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். நான் நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தபோது பின்னால் நின்று, “என்ன தெரியுது?” என்று கேட்டீர்கள். கல்யாணம் ஆகி இத்தனை வருடத்தில் முதல் தடவை. நான் நகர்ந்து இடம் கொடுத்தேன். உங்கள் கண்ணாடி இடித்தது. ‘இணைப்புக் கோளாறு, சரிசெய்யப்பட்டது.’ யார் பொய் சொல்லவில்லை?

ஆனால் ஒன்று. நோயாளிக்கு முடிவு போக வேண்டிய வழியில் நான் விளையாட மாட்டேன். கேபிள் வேறு, இது வேறு. இது என் ஆய்வகம். இதற்காகத்தான் உங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கையெழுத்துப் போட்டேன், இதற்காகத்தான் ஒன்றரை வருடமாகத் தனி அறையில் கிடக்கிறேன். இதையே பணயம் வைத்து உங்களைக் கூப்பிடுவேன் என்று எழுத எப்படி மனசு வந்தது?

திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் எல்லாப் படிகளையும் திரும்பச் செய்தேன். அக்கா புள்ளியைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். எல்லாம் சரி. இங்கே கதவு திறந்துதான் இருக்கிறது. உள்ளே வர முடியவில்லை என்றால் உங்கள் காலைக் குனிந்து பாருங்கள்.

வாஷிங் மெஷினைப் பற்றி இந்தக் கடிதத்தில் ஒன்றும் கிடையாது.


மார்ச் 24, திங்கள்

உனக்கு,

பிழை என்னுடையது. முழுவதும் என்னுடையது. இதை இரண்டாவது வரிக்குத் தள்ளக் கூடாது என்பதால் முதல் வரியிலேயே எழுதிவிட்டேன்.

உன் கடிதம் வியாழன் மாலை வந்தது. நத்தை அதை நீட்டியபோது, “அம்மா இத குடுக்கும்போது உங்கள எதுவும் விசாரிக்கல சார். உறைய மட்டும் நல்லா அழுத்தி ஒட்டியிருக்காங்க” என்றார். படித்த பிறகு கணினியின் முன் உட்கார்ந்து மறுபடி முயன்றேன். அதே மறுப்பு வந்தது. ஆனால் அந்த மறுப்பு மொத்தம் ஆறு வரிகள். இத்தனை நாளும் நான் முதல் வரியை மட்டும் படித்திருக்கிறேன். ‘இணைக்க இயலாது’ என்று கண்டதும், தவறு உன்னிடம் என்று முடிவு செய்துவிட்டேன். அப்படி முடிவு செய்தவன் அடுத்த வரியைப் படிப்பதில்லை. அன்று மாலை படித்தேன்.

மறுத்தது உன் இயந்திரம் அல்ல; என்னுடையது. உன் இயந்திரத்தின் வாசல்வரை அது போகவே இல்லை.

விளக்குகிறேன். மற்றக் கிளைகளின் இயந்திரங்களுக்குப் பொதுக் கட்டமைப்பு உத்தரவாதம் தருகிறது. இன்னார் இன்னார்தான், நம்பலாம் என்று நடுவில் ஒருவர் சொல்லிவிடுவதால், நான் என் பக்கத்தில் எதையும் செய்ததே இல்லை. உன்னுடையது தனித்து நிற்பது. அதற்காகப் பேச நடுவில் யாரும் இல்லை. அப்படிப்பட்ட இயந்திரத்திடம் என் கணினி கடவுச்சொல்லைக் கொடுக்காது. அதன் பெயரை நம்பத் தகுந்தவர்களின் பட்டியலில் நானே என் கையால் எழுதினால்தான் கொடுக்கும். அந்தப் பட்டியலைத் திறந்தேன். காலியாக இருந்தது. இத்தனை ஆண்டு வேலையில் ஒரு பெயரைக்கூட நான் அதில் எழுதியிருக்கவில்லை.

நான் உனக்கு அனுப்பிய தாளின் நகலை எடுத்துப் பார்த்தேன். பதினொரு படிகள். பதினொன்றும் நீ செய்ய வேண்டியவை. நான் செய்ய வேண்டியது என்று ஒன்றுகூட அதில் இல்லை. நான் சோதித்த பழைய இயந்திரம் நம் கட்டமைப்பைச் சேர்ந்தது. அதனால்தான் அங்கே எல்லாம் ஓடியது. தாளின் அடியில் ‘12’ என்று எண்ணிட்டு, ‘செய்ய வேண்டியவன்: நான்’ என்று எழுதி, பட்டியலில் உன் இயந்திரத்தின் பெயரைச் சேர்த்தேன். உடனே திறந்தது.

உள்ளே போனேன். போதிய இடம் இருக்கிறது. சூடு அளவோடு இருக்கிறது. அன்றைய நாற்பத்து மூன்று முடிவுகளும் ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கின்றன. சரிசெய்ய ஒன்றுமில்லை. கடவுச்சொல்லை மாற்றிவிட்டேன். அதன்பின் சிறிது நேரம் எதுவும் செய்யாமல் அதற்குள்ளேயே இருந்தேன். இது விதிப்படி சரியல்ல. பிறகு வெளியே வந்தேன். மேலதிகாரியிடம் சொல்லிவிட்டேன். உன் ஆய்வகம் உன்னிடமே இருக்கும்.

உன்னைப் பற்றி நான் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். எழுதிய தாள் உன்னிடம் இருக்கிறது. அதை நீயே கிழித்துவிட்டால் நல்லது.

நுண்ணோக்கியில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை என்பதையும் இப்போது சொல்லிவிடுகிறேன். கண்ணாடியைக் கழற்றியிருக்க வேண்டும். உன் தோளுக்குப் பக்கத்தில் நின்றிருந்ததால் அது நினைவுக்கு வரவில்லை.

வி.


மார்ச் 27, வியாழன்

வி.,

கிழித்துவிட்டேன். கிழிப்பதற்கு முன்னால் ‘அவ்வளவு பெறுமதி எனக்கில்லை’ என்ற வரியை மட்டும் கத்தரித்து எடுத்து வைத்துக்கொண்டேன். நீங்கள் கணக்குப் போட்டு முழுத் தப்பாக வந்த ஒரே இடம் அது.

அக்காவிடம் பன்னிரண்டாவது படியைச் சொன்னேன். கையிலிருந்த ஊசியைக் கீழே வைத்தார். அப்புறம், “பரவால்லம்மா, சாருக்கு நம்பர் போடத் தெரியுது, இப்பத்தான் தன் பேருக்கும் ஒண்ணு போட்டிருக்காரு” என்றார்.

இப்போது ஒண்டிக்கட்டை நன்றாக ஓடுகிறது. எனக்கு ஒரு விஷயம் தெரியும், உங்களுக்கும் தெரியும்: இன்றைக்கும் நான் கேபிளைப் பாதி இழுத்தால், அங்கிருந்து நீங்கள் எவ்வளவு தட்டினாலும் ஒன்றும் நடக்காது. யாராவது வந்துதான் தள்ள வேண்டும். திங்கட்கிழமை போய் அதன் பின்னால் நின்றேன். நாக்கில் விரலையும் வைத்தேன்.

இழுக்கவில்லை. இனி இழுக்கவும் மாட்டேன். பழுது பார்க்க வருகிற ஆளுக்காக ஒன்றரை வருடம் நீலப் புடவை கட்டியாகிவிட்டது. போதும். நீங்கள் வருவதென்றால் இங்கே எல்லாம் நன்றாக இருக்கும்போது வாருங்கள். சாயங்கால வண்டியைப் பிடிக்க வேண்டிய அவசரம் இல்லாமல் வாருங்கள். சொன்ன சொல் பெரிது என்றால் அங்கேயே இருங்கள். அப்போதும் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். ஆனால் காத்திருக்கவும் மாட்டேன். இதைச் சொல்லிவிட வேண்டும்.

வாஷிங் மெஷின் என்ன ஆயிற்று? இடுப்பு வரவில்லை என்றால் நானே ஒரு நாள் வந்து இடித்துக் காட்டுகிறேன்.

காவல்காரி


மார்ச் 31, திங்கள்

உனக்கு,

இதைப் பேருந்தில், மடியில் வைத்து எழுதுகிறேன். எழுத்துக் கோணல்களுக்குச் சாலையே பொறுப்பு.

வண்டியில் வரவில்லை. அலுவல் இல்லாதவன் அலுவலக வண்டியில் ஏறக் கூடாது. நத்தையிடம் காலையில் இதை விளக்கினேன். “அம்மாவப் பாக்கத்தான போறீங்க, ஏறுங்க சார், எவன் கேக்கப் போறான்?” என்றார். “நான் கேப்பேன்” என்றேன். சிரித்துக்கொண்டே போய்விட்டார். அவர் வருவதற்கு முன்பே நான் வந்து சேர்ந்துவிடுவேன் என்று நினைக்கிறேன். அது பேருந்தின் பெருமை அல்ல.

விடுப்பு விண்ணப்பத்தில் காரணம் கேட்கும் இடத்தில் ‘மனைவியைப் பார்க்க’ என்று எழுதினேன். மேலதிகாரி படித்துவிட்டு, “சொந்த வேலைன்னு போட்டாப் போதுமே சார்” என்றார். போதாது என்று சொன்னேன்.

வாஷிங் மெஷின் ஓடுகிறது. இடுப்பால் இடித்தபோது மெஷின் ஒரு பக்கம் சாய்வதைக் கண்டேன். குனிந்து பார்த்தால், நான்கு கால்களில் ஒன்று தரையைத் தொடவில்லை. அட்டையை நான்காக மடித்து அடியில் வைத்தேன். இப்போது நிற்பதில்லை. நீ இடித்துக் காட்ட வருவதாக எழுதியதைப் படித்த அன்று இரவு, அந்த அட்டையை உருவிவிடலாமா என்று குனிந்தேன். உருவவில்லை. ஆகவே உன்னிடமும் பழுது இல்லை, என்னிடமும் பழுது இல்லை. வர எந்தக் காரணமும் மிச்சமில்லை என்பதை உறுதி செய்துகொண்ட பிறகே பேருந்தில் ஏறினேன்.

ஒன்றரை ஆண்டுக்கு முன் வாசலில் நின்று நான் சொன்ன சொல்லை இதன் மூலம் ரத்து செய்கிறேன். எதிர்வீட்டாரிடமும் இன்று காலை தெரிவித்துவிட்டேன். அவர்களுக்கு அது மறந்தே போயிருந்தது. “அப்படியா சொன்னீங்க?” என்று கேட்டார்கள். அத்தனை காலம் அதை நினைவில் வைத்திருந்தவன் நான் ஒருவன்தான் போலும். கேட்டிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அந்தக் காரணங்களை வரிசையாக எழுதிப் பார்த்தேன். உன்னுடைய நாற்பது பேர் அந்த வரிசையில் எங்குமே வரவில்லை.

இன்றைக்குத் திரும்பிப் போகச் சீட்டு எடுக்கவில்லை.

பேருந்து உன் ஊருக்குள் நுழைகிறது. இனி நான் செய்யப் போவது இது. கருவிப்பை இல்லாமல் உன் ஆய்வகத்துக்கு நடப்பேன். ஒண்டிக்கட்டை இருக்கும் அறைப் பக்கம் திரும்ப மாட்டேன். ரத்தம் எடுக்கும் அம்மா என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வேன். நாற்பது பேரும் முடிவுகளை வாங்கிக்கொண்டு போகும்வரை அவர்களோடு வரிசையில் உட்கார்ந்திருப்பேன். பிறகு இந்தக் கடிதத்தை உன் கையில் கொடுத்துவிட்டு, நீ இந்தக் கடைசி வரியைப் படித்து நிமிரும்வரை உன் எதிரே, கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, நின்றுகொண்டிருப்பேன்.